சாளரத்து மெழுகுவர்த்தி

பெருநாள் என்றதும் உள்ளத்தில் முதலில் எழுவது எது? சிறுவயதில் இல்லத்தில் கண்ட ஒரு காட்சி, அடுக்களையிலிருந்து வந்த ஒரு மணம், மூத்தோர் கையைப் பற்றிக்கொண்டு நடந்த ஒரு நடை. பெருநாளின் பொருள் பின்னரே விளங்குகிறது. பழக்கம் முன்னரே நெஞ்சில் படிந்துவிடுகிறது. இவ்வாறு மூதாதையர் வழியாக நம்மை வந்தடைவது நாம் அனுபவிக்கும் உடைமையா? நாம் தீர்க்க வேண்டிய கடனா? ஐரிஷ் மக்களின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இவ்வினாவை எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

அயர்லாந்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கிறிஸ்மஸுக்கு முந்திய இரவில் வீட்டுச் சாளரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். பல இல்லங்களில் அதனை ஏற்றும் உரிமை கடைக்குட்டிப் பிள்ளைக்கே. தங்க இடமின்றி அலைந்த மரியாளுக்கும் யோசேப்புக்கும் இவ்வீட்டில் இடமுண்டு என்று அறிவிக்கும் விளக்கு அது என்பர். இருளில் வழிதவறி வரும் எவருக்கும் அதே அழைப்புத்தான். அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் குடும்பங்களோடு அந்த விளக்கும் சென்றது.

அவர்கள் சென்றது எதனால்? 1845-ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரைக் கொடிய நோய் தாக்கியது. ஏழைக் குடியானவனுக்கு அக்கிழங்கே காலையும் மாலையும் உணவு. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1841-இல் 81 லட்சமாக இருந்த மக்கள் தொகை 1851-இல் 65 லட்சமாகச் சுருங்கியது. மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளிலும் தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டே இருந்தன. அமெரிக்கா செல்பவன் திரும்பி வரப்போவதில்லை என்பதை அனைவரும் அறிவர். ஆதலால், இறந்தவர் வீட்டில் விழித்திருப்பது போலவே அவன் புறப்படும் முந்திய இரவு முழுவதும் உற்றார் விழித்திருந்தனர். உயிரோடிருப்பவனுக்கு நடந்த இழவு அது.

அவ்வாறு சென்றவனின் கொள்ளுப்பேரன் இன்று விமானத்தில் அயர்லாந்து வந்து இறங்குகிறான் என்று கொள்வோம். பாட்டி சொன்ன கதைகளும் பிள்ளைப் பருவத்துப் பெருநாள்களும் அவன் நெஞ்சில் நிறைந்திருக்கின்றன. ஆயின், அவனுக்கு முதலில் கிட்டுவது ஏமாற்றமே. புனித பாட்ரிக் நாளான மார்ச் 17-இல் அவன் வீட்டில் உப்பிட்ட மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் வேகும். அயர்லாந்தில் முட்டைக்கோசுடன் வெந்ததோ பன்றியிறைச்சி. நியூயார்க்கில் யூதர்களின் இறைச்சிக் கடைகளில் மாட்டிறைச்சி மலிவாகக் கிடைத்ததால் அந்த மாற்றம் நேர்ந்தது என்று உணவு வரலாறு எழுதுவோர் கூறுவர். அவன் பெருமையாகக் கருதும் ஊர்வலம் நியூயார்க்கில் 1762-இலேயே நடந்தது. டப்ளினில் அரசின் ஆதரவுடன் ஊர்வலம் தொடங்கியது 1931-இல்தான். அந்நாளில் மது வெள்ளமாய் ஓடும் என்று அவன் கேட்டிருப்பான். அயர்லாந்திலோ அது வழிபாட்டு நாள். மதுக்கடைகள் பல ஆண்டுகள் அன்று சட்டப்படி மூடியே கிடந்தன. ஹாலோவீன் இரவுக்கு அவன் குடைந்து விளக்கேற்றிய பரங்கிக்காய்கூட அமெரிக்க மண்ணின் விளைவு. அவன் மூதாதையர் குடைந்தது டர்னிப் கிழங்கை.

அவ்வாறாயின் அவன் போற்றி வந்தவை யாவும் பொய்யா? நாம் அவ்வாறு கருதவில்லை. கிழங்கு கிடைக்காத இடத்தில் காயைக் குடைந்த கை, மறக்க மறுத்த கை. பொருள் மாறிற்று, நினைவைப் பேண வேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை. ஒரு பழக்கத்தின் உண்மையை அதன் பழமையைக் கொண்டு மட்டும் அளப்பது நேர்மையாகாது.

அவனுக்கு இரண்டாவது ஏமாற்றமும் காத்திருக்கிறது. தன் குடும்பம் வாழ்ந்த வீட்டைக் காண விரும்புகிறான். 1922-இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக் காப்பகம் தீக்கிரையாயிற்று. பஞ்சத்துக்கு முந்திய மக்கள் கணக்கேடுகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. மேற்கே அக்கில் தீவில் ஸ்லீவ்மோர் மலைச்சரிவில் கூரையிழந்த கல்வீடுகள் எண்பதுக்கு மேல் வரிசையாய் நிற்கின்றன. எது எவருடையது என்று சொல்வார் இல்லை. பாட்டனோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் பேரன் குடியுரிமை பெறலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். கொள்ளுப்பேரனாகிய இவனுக்கு அந்த உரிமையும் தானாக வருவதில்லை. வீடும் இல்லை, ஏடும் இல்லை. அவன் கையில் எஞ்சியிருப்பது என்ன?

அந்த மெழுகுவர்த்தி எஞ்சியிருக்கிறது. அது எவருக்காக ஏற்றப்பட்டது என்ற கேள்வியும் உடன் நிற்கிறது.

1847-ஆம் ஆண்டை நினைத்துப் பார்ப்போம். அமெரிக்காவின் சொக்டோ பழங்குடியினர் தம் மண்ணிலிருந்து விரட்டப்பட்டு, வழியெங்கும் உற்றாரைப் புதைத்துவிட்டு வந்த துயரம் நிகழ்ந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை. அவர்கள் தம் வறுமையிலும் 170 டாலர் திரட்டி அயர்லாந்தின் பசிக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டில் துருக்கி சுல்தான் அப்துல் மஜீத் ஆயிரம் பவுன் வழங்கினார். குருதி உறவில்லை, மொழியுறவில்லை, சுல்தானுக்குச் சமய உறவும் இல்லை. பசித்தவன் மனிதன் என்ற ஓர் உறவே போதுமானதாயிருந்தது.

இந்தக் கடனை ஐரிஷ் மக்களில் பலர் மறக்கவில்லை. 1990-இல் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சன், கடல் கடந்து சென்ற மக்களுக்காகத் தம் மாளிகைச் சாளரத்தில் விளக்கொன்றை எரிய வைத்தார். அவரே 1992-இல் பஞ்சத்தால் வாடிய சோமாலியாவுக்கு நேரில் சென்று, அம்மக்களின் துயரை உலகுக்கு எடுத்துரைத்தார். சொக்டோ மக்களுக்கு நன்றி கூறும் இறகுச் சிற்பம் கார்க் மாவட்டத்து மிடில்டன் நகரில் 2017-இல் திறக்கப்பட்டது. 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது, சொக்டோவின் கொடையை நினைவுகூர்ந்த ஐரிஷ் மக்கள் ஆயிரக்கணக்கில் நவஹோ, ஹோபி பழங்குடியினருக்குப் பொருள் அனுப்பினார்கள். கொடுத்தவர் ஒருவர், பெற்றவர் வேறொருவர். கடனைத் தீர்க்கும் முறை இதுவும் ஒன்றன்றோ!

எனவே, மூதாதையர் மண்ணைக் காணச் செல்பவனிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்றே. உன் பாட்டன் பசித்துக் கரையேறியபோது அவனை இழிவாக நோக்கிய கண்கள் இருந்தன. இடம் கொடுத்த கைகளும் இருந்தன. இன்று வேறொருவன் பசித்து வந்து நின்றால், நீ அவற்றுள் எதன் வாரிசு? பச்சை உடையணிந்து ஊர்வலம் போய்விட்டு, வந்தவனுக்குக் கதவடைப்பவன் பழக்கத்தைக் காத்தான். அதன் உயிரைக் கைவிட்டான். வீட்டின் அடையாளத்தையும் கல்லறையின் பெயரையும் கண்டறியாமலே திரும்புபவன், ஊர் போய்ச் சேர்ந்ததும் அயலான் ஒருவனுக்குத் தன் வாயிலைத் திறப்பானாயின், அவனே மூதாதையர் இல்லத்தைக் கண்டவன்.

உடைமையைப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். கடனை அவ்வாறு வைக்க இயலாது. பிள்ளைகளின் கையில் பெருநாள் விளக்கைக் கொடுக்கும்போது, அது எவருக்காக எரிகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போமாக.