நோகாது என்ற சொல்

"நோகுமா வாப்பா?"

உக்குவளைப் புகையிரத நிலையத்து வாங்கில் உட்கார்ந்திருந்தபோது மகள் இப்படிக் கேட்டாள். ஒன்பது வயது. இடது கன்னம் வீங்கி, இரண்டு இரவுகள் உறங்காத கண்கள். மாத்தளைக்கு ரயிலேறினால் அதிக நேரமில்லை; கண்டியிலிருந்து வரும் அந்தப் பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது. யோசிக்க எனக்கு அவகாசம் இருக்கவில்லை என்று சொல்லமாட்டேன். யோசிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

"நோகாது மகள்" என்றேன்.

அந்தப் பதிலை எழுதுமளவுக்குப் பெரிய விடயமாக யாரும் கருதமாட்டார்கள். பிள்ளைக்குப் பல் கழட்டப் போகிற தகப்பன் வேறென்ன சொல்வான்? ஆயினும் சில வருடங்களாக அந்தச் சொல் என்னை விட்டபாடில்லை.

கழட்டவிருந்த பல்லைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். பிள்ளைகளுக்குப் பால் பற்கள் இருபது. ஆறு வயதளவில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. அது நிரந்தரப் பல். ஒன்றும் விழாமல் வந்ததால் பெற்றோர் பலர் அதையும் பால் பல் என்றே எண்ணிக்கொள்கிறோம். ஏழு வயதில் அவள் பல் நோவதாகச் சொன்னபோது, "பால் பல்லுத்தானே, விழுந்து முளைக்கும்" என்று நானும் சொன்னேன். உம்மா தோட்டத்துக் கராம்பு ஒன்றை நசுக்கி அந்தக் குழியில் வைத்தார். நோவு அடங்கிற்று. அடங்கத்தான் செய்யும். கராம்பின் எண்ணெயில் உள்ள இயூஜினோல் நரம்பை மரக்கச் செய்யும். பல் வைத்தியர்கள் தற்காலிகமாகக் குழி அடைப்பதற்கும் அதையே நாக ஒட்சைட்டுடன் குழைத்துப் பயன்படுத்துவதுண்டு. கராம்பும் சாதிக்காயும் மிளகும் வேலியோரம் காய்க்கும் மாவட்டத்தில் எங்களுக்கு மருந்துக்குக் குறைவில்லை. கராம்பு நோவை நிறுத்தியதே தவிரப் பல் தன்பாட்டில் உக்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. பாடசாலைக்கு வந்து பற்களைப் பரிசோதிக்கும் பற்சிகிச்சையாளர், இப்பல்லை உடனே அடைக்கவேண்டும் என ஒரு துண்டு எழுதி அனுப்பியிருந்தார். 1921இல் நியூசிலாந்தில் ஆரம்பமான திட்டம் அது. ஐம்பதுகளில் இலங்கைக்கு வந்து, மகரகமையில் பயிற்சி பெற்ற பெண்கள் எங்கள் கிராமத்துப் பாடசாலைகள் வரை வரலானார்கள். இலவசமாக ஒரு மனுஷி என் பிள்ளையின் வாயைப் பார்த்து எழுதிய துண்டை நான் சட்டைப் பையில் வைத்தேன். சட்டை சலவைக்குப் போயிற்று.

ஆக, "நோகாது" என்று சொன்னவன் யார்? பிள்ளையின் பயத்தைப் போக்க விரும்பிய தகப்பனா, தன் குற்றத்தின் முகத்தைப் பார்க்க விரும்பாதவனா?

எனக்கும் இப்படியொரு பொய் சொல்லப்பட்டிருக்கிறது. எழுபதுகளில், மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேர் பார்க்கப் போகிறோம் என்று வாப்பா கைபிடித்துக் கூட்டிவந்தார். அந்தக் காலத்தில் மாசி மகத்துக்குக் கடை பார்க்க எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் போவோம். தேருக்கு முன்னால் ஒரு மருந்துச் சாலைக்குள் நுழைந்தோம். இருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே வந்தபோது வாயில் பஞ்சு. வாப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தேரும் பார்த்தேன், கையில் தின்ன முடியாத பூந்தியும் இருந்தது. பல் பிடுங்கிய நோவு எனக்கு இன்று நினைவில் இல்லை. வாப்பா கடைவீதியில் எங்காவது திரும்பினால், எங்கே திரும்புகிறார் என்று அதன்பின் வெகுகாலம் பார்த்துக்கொண்டே நடந்தது நினைவிருக்கிறது.

பொய்யைப் பற்றி ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1797இல் எழுதிய சிறு கட்டுரை பிரசித்தமானது. கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்ல உனக்கு உரிமையில்லை என்பது அவர் கட்சி. அம்மனிதர் கலியாணம் முடிக்கவில்லை, பிள்ளை வளர்க்கவுமில்லை என்பதை இங்கு ஞாபகப்படுத்துவது நியாயமற்ற வாதம்தான். என்றாலும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

இமாம் கஸ்ஸாலி நமது வீடுகளுக்குக் கிட்ட வருகிறார். பேச்சு ஒரு சாதனமே. நல்ல நோக்கத்தை உண்மையாலும் அடையலாம், பொய்யாலும் அடையலாம் என்றால் பொய் ஆகாது, பொய்யாலன்றி அடைய முடியாதெனில் இடமுண்டு என்பது இஹ்யாவில் அவர் கொண்ட நிலை. ஓதப் போக மறுக்கும் பிள்ளைக்குச் சொல்லும் பொய் வாக்கையும் வெருட்டலையும்கூட அவர் அனுமதிக்கிறார். ஆனால் அங்கேயே நிறுத்திவிடவில்லை. அந்தப் பொய்யும் எழுதப்படும், அதன் நோக்கம் விசாரிக்கப்படும், மனிதன் தன் சௌகரியத்தை அவசியம் என்று எண்ணி ஏமாறும் இடம் இது என்று எச்சரிக்கிறார். பேரீச்சம்பழம் தருவதாகச் சொல்லிப் பிள்ளையை அழைத்த தாயிடம், கொடுக்காமல் விட்டிருந்தால் அது பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் வரும் ஹதீஸையும் நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "அழாதே, பூச்சாண்டி வரும்" என்கிறோம்.

அப்படியானால் கேள்வி இதுதான்: என் மகளை அந்த நாற்காலியில் பொய்யாலன்றி உட்கார வைக்க முடியாதா? முடியாது என்று நான் தீர்மானித்திருந்தேன். முயன்று பார்த்த பிறகு செய்த தீர்மானமல்ல அது.

பல் வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி. தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. நான் நாற்காலியருகே குனிந்து மறுபடியும் "நோகாது" என்று ஆரம்பிக்க, அவர் கையால் என்னை அமர்த்திவிட்டு மகளிடம் பேசினார். ஊசி போடும்போது நோகும், பத்து எண்ணு, அதற்குள் முடியும். பிறகு உதடு தடித்தது மாதிரி இருக்கும், கண்ணாடியில் பார், தடித்திராது. பிறகு நான் தள்ளுவேன், இழுப்பேன், சத்தம் கேட்கும், நோவு இராது. நோவு வந்தால் இடது கையைத் தூக்கு, நான் நிறுத்துவேன்.

அவர் சொன்னது எல்லாம் உள்ளபடியே. 1943இல் சுவீடனில் லொஃப்கிரன் உருவாக்கிய லிக்னோகெயின் போன்ற மருந்துகள் நோவைக் கொண்டு செல்லும் மெல்லிய நரம்பிழைகளை எளிதில் அடக்கிவிடுகின்றன. அழுத்தத்தைச் சொல்லும் தடித்த இழைகள் ஓரளவு விழித்தே இருக்கும். ஆகவே "ஒன்றும் தெரியாது" என்று சொல்லி உட்காரவைத்த பிள்ளை, குறடு தள்ளுவதை உணர்ந்த கணத்தில், தான் ஏமாற்றப்பட்டதாக எண்ணி அலறும். அலறலில் பாதி நோவினால் வருவதல்ல.

மகள் பத்து எண்ணினாள். ஏழில் கண்ணீர் வந்தது. பிறகு குறடு உள்ளே போனபோது இடது கை உயர்ந்தது.

வைத்தியர் நிறுத்தினார்.

என்னால் அதைச் சரியாக விளங்கப்படுத்த முடியுமா தெரியவில்லை. வெளியே வாங்கில் இருபது பேர் காத்திருந்தார்கள். பல்லோ பாதி அசைந்துவிட்டது. நானாக இருந்தால் "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லி இழுத்திருப்பேன். அவர் குறடை வெளியே எடுத்து, இன்னும் கொஞ்சம் மருந்து போட்டு, மகள் தலையசைக்கும் வரை நின்றார். கை உண்மையாகவே நோவினால்தான் உயர்ந்ததா, நிறுத்துகிறாரா என்று பார்க்கத்தான் உயர்ந்ததா என்று நான் இன்றும் மகளிடம் கேட்கவில்லை. அதன்பின் கை உயரவில்லை.

பல் வெளியே வந்ததும் கழுவிக் கடதாசியில் சுற்றித் தந்தார்கள். பால் பல் போலன்றி நீண்ட வேர்களோடு பெரிதாக இருந்தது. படியிறங்கும்போது மகள் பஞ்சைக் கடித்தபடி கேட்டாள்:

"இதக் கூரைல போட்டா அணில் புதுப் பல்லுத் தருமா வாப்பா?"

முன்பு விழுந்த பால் பற்களை அவள் அப்படித்தான் போட்டிருந்தாள். அவற்றுக்கு அணில் ஒருமுறையும் பொய் சொல்லவில்லை. இம்முறை "தரும்" என்றால், கண்ணாடி முன்னால் எத்தனை மாதம் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள்?

"இது முளைக்காது மகள். பால் பல்லு எண்டு நான்தான் பிழையா நெனச்சிட்டன். ஸ்கூல்ல தந்த துண்டையும் தொலச்சிட்டன். வாப்பாட பிழை."

பன்னிரண்டு வயதளவில் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் வரும், இந்த வயதில் கழட்டினால் அது முன்னுக்கு நகர்ந்து இடைவெளியை நிரப்பவும் கூடும் என்று வைத்தியர் சொன்னதையும் சொன்னேன். "கூடும்" என்பதை அழுத்தியே சொன்னேன். மகள் ஒன்றும் பேசவில்லை. உக்குவளையில் இறங்கி, சுது கங்கைப் பக்கம் நடந்து வீடு சேரும் வரை பேசவில்லை.

அன்றிரவு எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. காலையில் சொன்ன பொய் என் சௌகரியத்துக்காக என்றால், மாலையில் சொன்ன உண்மை யாருக்காக? வாய் வீங்கிய பிள்ளையின் தலையில் என் குற்றத்தை இறக்கிவைத்துவிட்டு நான் இலேசாக நித்திரை கொள்ளத்தானா? கஸ்ஸாலி பொய்யைப் பற்றிச் சொன்ன அந்த ஏமாற்றம் உண்மைக்குள்ளும் புகுந்துகொள்ளும் போலிருக்கிறது. முளைக்காது என்பதை அவளுக்குச் சொல்லியே ஆகவேண்டும்; அதில் எனக்கு ஐயமில்லை. துண்டு தொலைந்த கதையை அந்தப் படியிலேயே சொல்லியிருக்க வேண்டுமா என்பதில் இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஒரு கிழமை பொறுத்திருக்கலாம். பொறுத்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு கேள்வி.

பின்னால் வந்த பல் முன்னுக்கு நகர்ந்துதான் இருக்கிறது, சற்றுச் சாய்வாக. சாப்பாடு சிக்கும்.

போன மாதம் இளையவனுக்குக் காலில் முள் ஏறி, ஊசியும் கையுமாக நான் விறாந்தையில் உட்கார்ந்தேன். நோகுமா என்று என்னிடம் அவன் கேட்கவில்லை. எழும்பி நொண்டிக்கொண்டு உள்ளே போய் ராத்தாவிடம் கேட்டான்.

"நோகும். பத்து எண்ணு. கையத் தூக்கினா வாப்பா நிப்பாட்டுவாரு" என்றாள் அவள், அறைக்குள் இருந்து எனக்கும் கேட்கும்படி.