கொன்றவனுக்குப் போன மரபணு

காலராக் கிருமி என்றதும் நமக்கு நோயாளியின் குடல்தான் நினைவுக்கு வரும். அதன் சொந்த ஊரோ கழிமுகத்து உவர்நீர். அங்கே மிதக்கும், இறாலுக்கு உறவான சிற்றுயிர்களின் ஓட்டில் கூட்டமாக ஒட்டி வாழ்கிறது. ஓட்டிலுள்ள கைட்டின்தான் அதற்குச் சாப்பாடு. கூட்டம் அடர்ந்துவிட்டால், அதே கைட்டின் கிருமிக்குள் இரண்டு கருவிகளைச் சேர்த்தே உசுப்பிவிடுகிறது.

ஒன்று, ஈட்டி. செல்லுக்குள் நீண்டு கிடக்கும் புரத உறை சட்டென்று சுருங்க, நச்சு ஏந்திய முனை பாய்ந்து பக்கத்துச் செல்லைத் துளைக்கிறது. உறவுக்காரச் செல்லிடம் அந்த நச்சை முறிக்கும் புரதம் இருப்பதால் தப்பித்துவிடும். அந்நியச் செல் உடைந்து, அதன் டி.என்.ஏ. தண்ணீரில் சிந்தும். மற்றொன்று, மெல்லிய இழை. வெளியே நீண்டு, சிந்திய டி.என்.ஏ.வைத் தன் நுனியால் பற்றி உள்ளே இழுத்துக்கொள்கிறது. 2018-ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தார் இதை நுண்ணோக்கியில் படமாகவே பிடித்தார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

இரண்டு கருவிகளும் ஒரே வேட்டையின் பகுதிகள் என்பதை 2015-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் மெலனி புளோகெஷ் குழுவினர் காட்டினார்கள். மரபணுப் பகிர்வு என்று நாம் சாதுவாகச் சொல்வது இங்கே கொள்ளையாகத்தான் நடக்கிறது. இது நம்மையும் தொடும் சங்கதி: அந்தச் சோதனைகளில், இரையான செல்லில் வைக்கப்பட்டிருந்த மருந்தெதிர்ப்பு மரபணு கொன்ற செல்லிடம் போய்ச் சேர்ந்திருந்தது.