மண்ணுக்குள் இருக்கும் சாட்சி

ஹேவாஹெட்டயில் மாலையானதும் மூடுபனி இறங்கிவிடும். இஷாத் தொழுகைக்குப் பின் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி மருமகனின் ஆட்சிக்குள் வந்துவிடும். அவன் விரும்பிப் பார்ப்பவை தடயவியல் துப்பறியும் தொடர்கள். அண்மையில் ஓரிரவு, 'சிஎஸ்ஐ' வகைத் தொடரொன்றின் ஒரு பகுதியை நானும் அமர்ந்து பார்த்தேன். விபத்தில் இறந்தாரென்று அடக்கப்பட்ட ஒருவரின் கல்லறையை நீதிமன்ற உத்தரவுடன் திறக்கிறார்கள். எலும்பில் ஒரு முறிவு, ஆய்வுகூடத்தில் ஓர் இயந்திரம், முக்கால் மணித்தியாலத்தில் கொலைகாரனின் கையில் விலங்கு.

"எனத்துக்குடா மையத்த தோண்டிய? மண்ணுக்குள்ளயாவது நிம்மதியா இரிக்க உடாம?" என்றார் உம்மா.

மருமகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பல வருடங்களுக்கு முன் என் சாச்சாவின் மகன் வெளியூரில் வேலை செய்த இடத்தில் திடீரென மரணமானான். பிரேத பரிசோதனை நடக்கலாமென்று தெரிந்ததும் குடும்பமே பதறியது. மஃரிபுக்கு முன் ஜனாஸாவை அடக்கிவிட வேண்டும், உடலில் கத்தி படக்கூடாது என்பதே எல்லோரதும் பேச்சு. அவனுக்கு முன்னரே நோய் இருந்ததென்று அதிகாரியிடம் மன்றாடியவர்களில் நானும் ஒருவன். ஜனாஸா கிடைத்தது, நேரத்துக்கு அடக்கினோம். ஆனால் சாச்சி இன்றும் என்னைக் காணும்போது கேட்பது ஒன்றைத்தான்: "மகனே, அவனுக்கு எனத்தியன் நடந்த?"

உம்மாவின் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. உயிருள்ளவரின் உடலுக்குரிய கண்ணியம் இறந்தவரின் உடலுக்கும் உண்டென்பது நபிமொழி தந்த பாடம். ஆனால் எமது மார்க்க மரபு அதே கண்ணியத்தை விரிவாகவும் சிந்தித்திருக்கிறது. உஹதில் ஷஹீதான தம் தந்தை இன்னொருவருடன் ஒரே கப்ரில் இருப்பதற்கு மனம் இடங்கொடாமல், ஆறு மாதங்களின் பின் ஜாபிர் (ரலி) அவர்கள் அவரை எடுத்து வேறாக அடக்கினார்கள். பிறர் பொருளை விழுங்கி இறந்தவரின் வயிற்றைக் கீறி, உரியவரிடம் அதை மீட்டுக் கொடுக்கலாமா என்றுகூட ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் ஆராய்ந்து இடமளித்துள்ளன. ஒரு நகைக்கு அவ்வளவு உரிமை உண்டென்றால், சிந்தப்பட்ட இரத்தத்திற்கு எவ்வளவு உண்டு?

எமது அச்சத்திற்குக் காரணமில்லாமலும் இல்லை. 2020 ஏப்ரலில் கொவிட் மரணங்களுக்குத் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கவும் முடியுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், நிலத்தடி நீரைக் காரணங்காட்டி, நிபுணர்களின் பெயரால், எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளேயான குழந்தையும் தப்பவில்லை. 2021 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையில். விஞ்ஞானத்தின் பெயரால் அநீதி நடக்கக் கண்ட சமூகம் வெள்ளை அங்கியைக் கண்டு தயங்குவதில் வியப்பென்ன?

எனினும், மறுபக்கத்தையும் நாம் கண்டோம். 2012 மே 17இல் ரக்பி வீரர் வசீம் தாஜுதீன் நாரஹேன்பிட்டியில் எரிந்த காருக்குள் பிணமாகக் கிடந்தார். விபத்து என்றது பொலிஸ். தெஹிவளை மையவாடியில் அடக்கப்பட்ட அவரது உடல் மூன்று வருடங்களின் பின், 2015 ஆகஸ்ட் 10இல், நீதிமன்ற உத்தரவுப்படி தோண்டியெடுக்கப்பட்டது. முதற் பரிசோதனைக்குப் பின் சில உடற்பாகங்கள் காணாமற்போயிருந்தமை அப்போது வெளிவந்தது. எஞ்சிய எலும்புகள் பேசின. இது கொலையென 2016இல் நீதிமன்றம் முடிவுசெய்தது. ஆனால் அதன்பின் சென்ற நீண்ட காலத்தில் எவரும் குற்றவாளியாகக் காணப்படவில்லை.

தொலைக்காட்சித் தொடர் சொல்லாமல் விடுவது இதைத்தான். தடயம் கிடைத்ததும் அங்கே கதை முடிந்துவிடுகிறது. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு அப்படி முடிவதில்லை. அதில் சட்டை இருமுறை சாட்சியாக வருகிறது. முதலாவதில் சகோதரர்கள் பொய் இரத்தத்தைப் பூசிக் கொண்டுவந்தார்கள். தந்தை யஃகூப் (அலை) அதை நம்பவில்லை. இரண்டாவதில் சட்டை பின்புறம் கிழிந்திருந்தது. குற்றமற்றவர் யாரென்பது ஐயமறத் தெரிந்தது. அப்படித் தெரிந்த பின்னர்தான் யூசுஃப் சிறைக்கு அனுப்பப்பட்டார். அத்தாட்சியைப் பார்த்தவர்களே அனுப்பினார்கள்.

தடயம் பொய் சொல்லாது என்பது பாதி உண்மை. அதில் பொய்யைப் பூசவும், அதைக் களவாடவும், கண்ட பின்னும் காணாதவர்போல இருக்கவும் மனிதனால் முடியும். ஆகவே கேள்வி, கத்தி படலாமா கூடாதா என்பதோடு நின்றுவிடுவதில்லை. கத்தியைப் பிடித்திருப்பவரிடம் அமானிதம் இருக்கிறதா, அவர் சொல்வதைக் கேட்கும் துணிவு எமக்கிருக்கிறதா என்பதும் கேள்விதான்.

சாச்சாவின் மகனின் மரணம் இயற்கையானதாகவே இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் ஒரே வழியை நாங்கள்தான் அன்று அடைத்தோம். அவனது உடலைக் காப்பாற்றிவிட்டதாக எண்ணித் திரும்பினோம். அவனைப் பற்றிய உண்மையும் எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

உம்மாவிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பின்னர், "சாச்சிட்ட போய் சொல்லு" என்றார். இன்னும் போகவில்லை.