எந்த வீட்டில் கை நனைப்பது

கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரம் வட்டாரத்தில் ஒரு கிராமத்து லுத்தரன் போதகரின் ஊழியத்தை வெளியிலிருந்து அளக்க முயன்றால் கையில் அகப்படுவது கொஞ்சம்தான். கல்வராயன்மலை அடிவாரத்திலிருந்து மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைப் பக்கம் வரை கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் ஊர்கள். ஊருக்குச் சில குடும்பங்கள் என்று சிதறிக் கிடக்கும் சபை. பிழைப்புக்காக வெளியூர் போகும் மாதங்களில் அதுவும் பாதியாகிவிடும். ஞானஸ்நானம் எத்தனை, காணிக்கை எவ்வளவு, கோயிலுக்குச் சுற்றுச்சுவர் எழும்பியதா என்று எழுதும் அறிக்கைகளால் அந்த மனிதரின் வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் தெரியவராது. அவர் யார் வீட்டில் உட்கார்ந்து கை நனைக்கிறார் என்பதே அவருடைய ஊழியத்தின் உரைகல் என்று நான் நினைக்கிறேன். பிரசங்கமும் ஜெபமும் அதற்குப் பிறகுதான் எடுபடும்.

இந்த மண்ணின் லுத்தரன் சபை வரலாறே இதற்குச் சாட்சி. தரங்கம்பாடி மிஷனில் 1733-இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் ஆரோன், கடலூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். அடுத்த தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் அடிபட்டது. தஞ்சைப் படையில் இருந்தவர், ஊர் ஊராக நடந்து உழைத்த உபதேசியார். ஆனால் அவர் பறையர். அவர் கையால் மற்றவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். 1741-இல் பட்டம் பெற்றவர் தியோகு. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். நூறு ஆண்டுகளுக்குப் பின்பும் வழக்கு தீரவில்லை. சாதியைச் சமூக வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற லைப்சிக் மிஷனின் நிலைப்பாட்டை ஏற்காமல் அதன் மிஷனரி கார்ல் ஓக்ஸ் அதிலிருந்து விலகி, பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற நிலையத்தைத் தொடங்கினார். 1860-களில் டேனிஷ் மிஷன் சங்கம் அவரைத் தன் ஊழியராக ஏற்றது. அன்றைய தென்னாற்காட்டில் அப்படி வேர்விட்டதுதான் பின்னாளில் ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆனது. ஆக, சாதியைப் பற்றிய, அதாவது யாரோடு பந்தியில் உட்காரலாம் என்ற சண்டையில் பிறந்த சபை இது.

ஓக்ஸுக்கு எதிராக நின்றவர்களை வெறும் சாதி அபிமானிகள் என்று தள்ளிவிட முடியாது. லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழ் கற்ற அறிஞர். நற்செய்தி உள்ளிருந்து மெல்ல வேலை செய்யும், பந்தியில் கட்டாயப்படுத்தி உட்காரவைத்தால் வெளிவேடம்தான் மிஞ்சும் என்பது அந்தத் தரப்பின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பரீட்சை வைத்து ஊட்டும் சோறு அன்பை வளர்க்காது. ஆனால் காத்திருந்ததன் பலன் என்ன? இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கிய எறையூரில், 2008-இல், வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அது கத்தோலிக்கச் சபை. லுத்தரன்கள் அதைச் சொல்லி ஆறுதல் தேடிக்கொள்ள வேண்டாம். தவிரவும், லூத்தர் தன் மனைவியோடு ஒப்பிட்டுச் சொந்தம் கொண்டாடிய கலாத்தியர் நிருபம் என்ன சொல்கிறது? அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, ஆட்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகினார். பவுல் முகத்துக்கு நேரே கேட்டார். விசுவாசத்தால் நீதிமானாகிறோம் என்ற உபதேசம் அந்த நிருபத்தில் அந்தக் கேள்வியை ஒட்டித்தான் வருகிறது.

இன்று பெரும்பாலான கிராமச் சபைகள் ஒரே தெருவைச் சேர்ந்தவை. போதகரும் பல சமயம் அதே சமூகம். பிறகு எங்கே இந்தக் கேள்வி என்று கேட்கலாம். தெரு ஒன்றானாலும் தூரம் இருக்கிறது. சென்னை குருகுலத்திலோ மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலோ படித்து, பிள்ளைகளை நகரத்து ஆங்கிலப் பள்ளியில் சேர்த்து, பைக்கில் வந்து ஆராதனை நடத்திவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடும் போதகருக்கு ஓலை வீட்டுக்குள் குனிந்து நுழைய நேரம் இருப்பதில்லை. நுழையாதவருக்குத் தெரியாமல் போவது நிறைய. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியில் சேரமாட்டார்கள். பிள்ளையின் படிப்பும் வேலையும் சான்றிதழில் தொங்கும்போது, பதிவேட்டில் பெயர் கொடுக்காமலே ஜெபிக்கும் குடும்பங்கள் உண்டு. பதிவேட்டை மட்டும் பார்க்கிறவருக்கு அவர்கள் அந்நியர்கள். எந்த வீட்டில் சாராயத்துக்குத் தாலி அடகுக்குப் போனது என்பதும் அடுப்படியில்தான் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியான பிறகு ஆறுதல் சொல்லப் போனவர்கள் ஏராளம். அதற்கு முன்பே அந்த வாசல்களை அறிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருக்கப்போகிறார்கள்?

அரசரடியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, பறட்டை அண்ணன் என்று மாணவர்கள் அழைத்தவர், தன் இறையியலையே ஒரே உலையில் கொதிக்கும் சோற்றை எல்லோரும் பகிர்வதில் கண்டார். அவர் சி.எஸ்.ஐ. போதகர், சிந்தனைக்குச் சபை வேலி கிடையாது. ஆனால் உலையைப் பற்றிப் பாடுவதும் இன்னொருவர் உலையில் பங்கு கேட்பதும் வேறு வேறு. போதகர் கொடுக்கிறவராக மட்டுமே இருந்து பழகிவிட்டார்: ஆசீர்வாதம், ஆலோசனை, சிபாரிசுக் கடிதம். ஏழையிடம் வாங்கிச் சாப்பிடும்போதுதான் அந்த மேடு தரைக்கு வருகிறது. இல்லாத வீட்டுக்கு இது பாரம் அல்லவா என்ற எதிர்ப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன். போதகர் ஐயர் வருகிறார் என்று கடன் வாங்கிக் கோழி அடிக்கிற குடும்பங்கள் இருக்கத்தான் செய்கின்றன, அந்த விருந்தைச் சந்தோஷமாகச் சாப்பிட்டு எழுகிற ஐயர்களும் இருக்கிறார்கள். அதற்கு வீட்டைத் தவிர்ப்பது வழியல்ல. சொல்லாமல் போய், ரேஷன் அரிசிச் சோறோ கேழ்வரகுக் கூழோ அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதில் ஒரு பிடி போதும் என்று முதல் தடவையே சொல்லி உட்கார்ந்துவிட்டால், அடுத்த தடவை கடன் வாங்கும் பேச்சே அந்த வீட்டில் எழாது.