இலவசக் குடை



சரக்கை விலை குறைத்து விற்பது பாவமாகுமா? வியாபாரத்தில் இருக்கிற பங்கு மக்கள் பலர் கேட்கிற கேள்வி இது. விற்கிறவன் மனமொத்துக் கொடுக்கிறான், வாங்குகிறவன் மகிழ்ந்து வாங்குகிறான். இதில் களவு எங்கே, ஏழாம் கற்பனை எங்கே என்று நீங்களும் கேட்கலாம். ஞானப் புத்தகங்களைப் புரட்டுமுன் நம் தூத்துக்குடிக் கடற்கரையில் நடந்ததையே ஒரு முறை நினைத்துப் பார்ப்போம்.

1906-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ந் தேதி வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் முயற்சியால் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்குகள் 40,000, பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவராயிருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வர்த்தகர் ஒருவரே 8,000 பங்குகள் எடுத்துக்கொண்டார். முதலில் வாடகைக் கப்பல்தான் ஓடிற்று. வாடகைக்குக் கொடுத்தவர்கள் பின்வாங்கவே, பிள்ளையவர்கள் பம்பாய் சென்று பாடுபட்டார்கள். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. காலியாவில் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் போகலாம்.

அதுவரை கொழும்புப் போக்குவரத்தைத் தன் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அது என்ன செய்தது? கட்டணத்தை 1 ரூபாயாக இறக்கிற்று. சுதேசிக் கம்பெனி 8 அணாவுக்கு இறங்கிற்று. உடனே பெரிய கம்பெனி, பணமே வேண்டாம், ஏறிக்கொள்ளுங்கள் என்றதுடன், ஏறினவர்களுக்குக் குடையும் கொடுத்ததாகச் சரித்திரம் எழுதியவர்கள் குறிக்கிறார்கள். சுதேசிக் கப்பல்கள் காலியாக ஓடின.

சற்று நிதானித்து யோசியுங்கள். கப்பலுக்கு நிலக்கரி வேண்டும், மாலுமிகளுக்குச் சம்பளம் வேண்டும். காசு வாங்காமல் ஏற்றுகிறவனுக்கு இந்தச் செலவு எங்கிருந்து வரும்? வேறு கடல்களில் ஓடுகிற கப்பல்களின் லாபத்திலிருந்து வரும். தூத்துக்குடியான் கையில் கொடுத்த குடை அவனுக்குச் செய்த தர்மம் அல்ல. அடுத்தவனுடைய தொழிலை மூழ்கடிக்கப் போட்ட முதலீடு.

சாயங்காலம் கடற்கரையில் மிஞ்சின மீனைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்களே, அது பாவமா? இல்லவே இல்லை. சிக்கனமாகக் கொள்முதல் செய்து, சொற்ப லாபத்தோடு திருப்தியடைந்து, அண்டை வீட்டுக் கடையைவிட மலிவாக விற்கிறவனும் குற்றவாளியல்ல. அவனை மெச்சவே வேண்டும். குற்றம் விலையில் இல்லை, கருத்தில் இருக்கிறது. தனக்கு விழுந்த அடக்க விலைக்கும் கீழே விற்று, நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு, எதிரி ஒழிந்த பின் தனியே ஆளலாம் என்று எண்ணுகிறவன் பிறன் பிழைப்பைத் திருடுகிறான். நமது நாட்டின் 2002-ம் ஆண்டுப் போட்டிச் சட்டமும், சந்தையில் மேலோங்கி நிற்கிற நிறுவனம் போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தோடு அடக்க விலைக்குக் கீழே விற்பதைத் தடை செய்கிறது. சட்டம் எழுதினவர்கள்கூட இங்கே கருத்தைத்தான் விசாரிக்கிறார்கள், கவனித்தீர்களா?

திருச்சபை இதை முந்தியே சொல்லிற்று. 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் விடுத்த நிருபத்தில், இரண்டு பேரும் சம்மதித்தார்கள் என்பதனால் மாத்திரம் ஒரு கூலி நீதியான கூலியாகிவிடாது என்று போதித்தார். கூலிக்குச் சொன்னது விலைக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். 1931-ல் 11-ம் பத்திநாதர் இன்னும் வெளிப்படையாகவே, கட்டுக்கடங்காத போட்டியில் பலசாலியே மிஞ்சுவான், மனச்சாட்சியைப் பாராதவனே பெரும்பாலும் அந்தப் பலசாலி என்று எச்சரித்தார்.

சிதம்பரம் பிள்ளையவர்களும் 8 அணாவுக்கு இறங்கினார்களே என்பீர்கள். அது தற்காப்பு, பாவமென்று சொல்லத் துணியமாட்டேன். ஆனாலும் மடி கனத்தவனோடு மலிவில் மல்லுக்கு நிற்பது புத்தியா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அவர்களுடைய உண்மையான பலம் ஜனங்களின் பற்றுதலும் பங்குதாரர் நம்பிக்கையும் அல்லவா? பிற்காலத்தில் உட்கார்ந்து எழுதுகிற எவனும் இப்படிச் சொல்லிவிடலாம், அதுவும் உண்மைதான்.

குடை வாங்கினவர்கள் சங்கதிக்கு வருவோம். தோட்டக்காட்டில் கூலி வேலைக்குப் போகிற ஏழை, கையில் கால் காசில்லாமல் கப்பலேறினான் என்றால் அவனைக் குறை சொல்ல எனக்கு நாவெழாது. ஆனால் பணமுள்ள வியாபாரி ஒருவன், மேடையில் சுதேசியத்துக்குக் கைதட்டிவிட்டு மறுநாள் இலவசக் கப்பலில் ஏறியிருந்தால்? அந்த மனிதனுக்கும் நமக்கும் அதிக தூரமில்லை. இன்று சரக்கு கைபேசி வழியாக வீட்டு வாசலுக்கே வருகிறது, சில சமயம் நம்ப முடியாத விலையில். அவசரத்துக்குக் கடன் சொல்லி வாங்க மட்டும் தெருமுனைக் கடைக்காரர் வேண்டும்! சம்பளக்காரர் வீடுகளில் இதைச் சற்றுப் பேசிக்கொள்ளுங்கள்.

இதைவிடக் கடினமான நிலை நம் பிள்ளைகள் சிலருக்கு உண்டு. கம்பெனியில் மேனேஜராயிருக்கிற மகனிடம், எதிர்க்கம்பெனி எழுந்திருக்கக்கூடாது, ஆறு மாதம் நஷ்டத்துக்கு விலைப்புள்ளி கொடு என்று மேலிடம் சொல்கிறது. அவனுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம் இருக்கிறது. வேலையை விட்டுவிடு என்று எடுத்தவுடன் சொல்ல நான் துணியேன். ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்திடுமுன், இது நியாயமல்ல என்று ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல்ல அவன் கடமைப்பட்டவன். மேலிடத்தின் உத்தரவு என்பது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழுப் பதிலாகாது.

சொந்தக் கம்பெனி இவ்வளவு நெருக்கடியில் இருந்தபோதும், 1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது பிள்ளையவர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிறு ஓய்வும் அவர்கள் கேட்டவை. தன் கப்பலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மார்ச் 12-ல் கைதானார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்தபோது, தூத்துக்குடிக் கடலில் அவர்களுடைய கப்பல் ஒன்றுகூட இல்லை.