அறையின் சத்தம்

“அடிக்கிறவன் சத்தந்தான் கேக்குது. வாங்குறவன் எங்க?”

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எனக்கு முதுகு பிடித்துவிடும் நண்பர் கேட்டது. கேட்டு இரண்டு மாதமாகிறது. அவருக்கு மறந்துகூடப் போயிருக்கும்.

அக்கா மகன் கல்லூரியில் ஒலிப்பதிவு படிக்கிறான். பழைய தமிழ்ப் படமொன்றின் சண்டைக் காட்சியைச் சத்தமே இல்லாமல் கொடுத்து, இரண்டு நிமிடத்துக்கும் ஒலியையும் இசையையும் புதிதாகப் போட்டுவரச் சொல்லியிருந்தார்கள். என் வீடு பகலில் அமைதியாக இருக்கும் என்று மைக்கோடு வந்து இறங்கினான். கண்ணாடி உடைவது, கதவு சாத்துவது, மணலில் ஓடுவது எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. ஓர் அறைதான் முடியவில்லை. சண்டைக்கு நடுவே வில்லன் ஒரு சிறுவனைக் கன்னத்தில் அறைகிறான். திரையில் அது அரை விநாடிகூட இல்லை.

தொடையில் தட்டிப் பார்த்தோம். தோல் பையைச் செருப்பால் அடித்தோம். மார்க்கெட்டிலிருந்து முழுக்கோழி வாங்கிவந்து அதையும் அறைந்தோம் (ராத்திரி அது குழம்பானது, வீணாகவில்லை). கடைசியில் ஒத்துவந்தது குளியல் துண்டு. முழுக்க நனைத்தால் ‘சொத்’தென்கிறது, இறுகப் பிழிந்தால் வெறும் காற்று. பாதி பிழிந்து, இரண்டாக மடித்து, குளியலறைச் சுவரில் வீசினால் ‘பளார்’. பையன் துள்ளினான். “இதுதான் மாமா!”

எனக்கும் இதுதான் என்று பட்டது. எதை வைத்து அப்படிப் பட்டது? நான் யாரையும் கன்னத்தில் அறைந்ததில்லை. ஒரே ஒரு முறை வாங்கியிருக்கிறேன்.

இந்த வேலைக்கு ஃபோலி என்று பெயர். 1929-இல் ‘ஷோ போட்’ படத்துக்குத் திரையைப் பார்த்தபடியே சத்தங்களைச் சேர்த்த ஜாக் ஃபோலியின் பெயர் அது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் (1960) கத்தி இறங்கியது முலாம்பழத்தில். நம் படங்களிலும் நெடுங்காலம் படப்பிடிப்பில் பதிவான சத்தத்தை ஒதுக்கிவிட்டு, வசனம் முதல் வளையல் வரை பிறகுதான் சேர்த்தார்கள். ஆக, நான் சிறுவயதில் கேட்ட எந்தப் ‘பளா’ருக்கும் சொந்தமாக ஒரு கன்னம் இருந்ததில்லை.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கியது. அதன் வளாகம் எங்கள் பகுதியில்தான். அதனால் சுற்றிலும் பார்வையற்றோர் வேலை செய்யும் மசாஜ் கடைகள். நடைபாதையில் கோலால் தடவிப் போக மஞ்சள் புடைப்புக் கற்கள். நண்பர் அப்படியொரு கடையில் இருக்கிறார். “நேத்து ஒரு படம் பார்த்தேண்ணே” என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அவரிடம் பையன் கைபேசியில் காட்சியைப் போட்டான். ஒரு முறை கேட்டார். “ஈரத் துணியா தம்பி?” என்றார். பையன் முகம் வாடிவிட்டது. அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.

அந்தக் கேள்வியில் ஒரு பழைய வகுப்பு நினைவுக்கு வந்தது. பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர் பாடத்தில் இல்லாத கலிங்கத்துப்பரணியை வாசித்துக் காட்டுவார். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் செயங்கொண்டார் மைக் இல்லாமல், துண்டு இல்லாமல், சந்தத்தை வைத்தே யானையும் குதிரையும் மோதும் இரைச்சலை எழுப்பியிருப்பார். ஆசிரியர் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்ல, எங்களுக்கு உடம்பு சிலிர்க்கும். வாங்குகிறவர்களும் அதில் வருவார்கள். தோற்ற கலிங்க வீரர்கள் சமணர் என்றும் பாணர் என்றும் சொல்லித் தப்பப் பார்க்கிற இடம். அங்கே வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். வரிகள் இப்போது நினைவில் இல்லை, மேசையைத் தட்டிய தாளம் இருக்கிறது.

பையன் இசைக்கு உருமியைப் போட்டிருந்தான். பத்துமலைக் காவடிகளோடு வளர்ந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? உருமி ஏறியதும் அந்த ஈரத் துண்டுக்கே எடை கூடியது. அடிக்கிறவன் பக்கம் கால் தானாகத் தாளம் போட்டது. ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாமென்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார்; பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களை அலறவைத்துக் காட்டிய பிறகு மனம் மாறினார். அந்த அலறல் கத்தியினுடையதா, குத்துப்பட்டவளுடையதா? உருமியிலும் ஒரு பக்கம் அடிப்பது, மறுபக்கம் வளைந்த குச்சியால் தேய்ப்பது. தேய்க்கும்போது வருவது முனகல். அடிக்கிற பக்கத்தை நிறுத்தித் தேய்க்கிற பக்கத்தை மட்டும் வைத்துப் பார் என்றேன். பையனுக்குப் பிடிக்கவில்லை. “ரொம்ப சோகமா இருக்கு மாமா. இது ஃபைட்டு.”

நான் வாங்கிய அறை இது. எனக்கு ஒன்பது வயது. அப்பா ரயில்வேயில் இருந்தார். நாங்கள் இருந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில். டியூஷன் காசில் லீடோ தியேட்டரில் எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டு வீடு வந்தேன். அப்பா முன்னறையில் நின்றிருந்தார். அறைந்தார். அந்தச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது, கூர்மையாக, எதிரொலியோடு. பாயும் துணி மூட்டையும் அடைந்துகிடந்த அந்தச் சின்ன அறையில் எதிரொலி வர வழியே இல்லை என்பது துண்டை வீசிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. (தமிழில் இரண்டுக்கும் அறை என்றே பெயர் வைத்தவர்கள் ஏதாவது நினைத்திருப்பார்களா?) என் நினைவுக்கு யாரோ டப்பிங் செய்திருக்கிறார்கள்.

அக்காவிடம் கேட்டேன்.

“அப்பா அடிச்சாரா? கைய ஓங்கினாரு. அந்த நேரம் பார்த்து யார்டுல பெட்டி கோத்தான் பாரு, அந்தச் சத்தத்துல நீயே கீழ விழுந்து கத்தின.”

ரயில் பெட்டிகளைக் கோக்கும் யார்டு எங்கள் வீட்டுக்கு அருகில்தான். ஒரு பெட்டி இன்னொன்றில் முட்டினால் அலமாரிக் கண்ணாடி அதிரும். ஆனால் அக்கா அப்போது அடுப்படியில் இருந்தாள். அவளும் கேட்டவள்தான், பார்த்தவள் இல்லை. போதாததற்கு அவள் அப்பா செல்லம்.

அந்த ஓர் அறைக்காக நான் அப்பாவிடம் பல வருஷம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவர் இப்போது இல்லை. யார்டு இருந்த இடத்தில் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தை 2001-இல் திறந்தார்கள். போன வாரம் அங்கே நடைமேடையில் அரை மணி நேரம் நின்றேன். மின்சார ரயில்கள் வழுக்கிக்கொண்டு வந்தன, போயின. ஒன்றும் ஒன்றோடு முட்டவில்லை.

பையன் துண்டுச் சத்தத்தையே வைத்துக் கொடுத்துவிட்டான், உருமியும் முழுதாக. நல்ல மதிப்பெண்ணாம்.

நேற்று முதுகு பிடிக்கையில் நண்பரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. கழுத்துக்கு வந்தபோது, “எந்தக் கன்னம்ணே?” என்றார்.

சட்டென்று வரவில்லை. அப்பா வலதுகைக்காரர், எதிரே நின்றிருந்தார், ஆகவே இடது கன்னம். கணக்குப் போட்டுத்தான் சொன்னேன்.