கந்தன் பேர் தாங்கிய நதி



நம்ம தர்மபுரியில ஒரு சின்ன ஆறு இருக்கு. வத்தல்மலைப் பக்கமிருந்து இறங்கி, டவுனை ஒட்டி ஓடி, தென்பெண்ணையில போய்ச் சேருது. பேரு சனத்குமார நதி. இன்னைக்குப் பல பேருக்கு அது வெறும் சாக்கடை. பாலம் வந்தா மூக்கைப் பொத்திக்கிட்டு வண்டியை வேகமா ஓட்டுறோம்.

சனத்குமாரர் யாருன்னு தெரியுமா? பிரம்மாவின் மனசிலிருந்து பிறந்த நால்வரில் ஒருவர். எல்லாக் கலையும் படிச்சும் துக்கம் தீராத நாரதர் அவர்கிட்ட சீடனாக வந்து நின்றார். அந்த உபதேசம்தான் சாந்தோக்கிய உபநிடதத்தின் 7-ஆம் அத்தியாயம். அது முடியும் இடத்தில், இந்த சனத்குமாரரையே ஸ்கந்தர் என்று அழைக்கிறார்கள் எனச் சொல்லப்படுகிறது. ஸ்கந்தர்னா நம்ம கந்தன்தான்!

அந்த குரு நாரதருக்குப் படிப்படியாகச் சொல்லும்போது, அன்னத்தை விடப் பெரியது தண்ணீர் என்கிறார். நல்ல மழை இல்லேன்னா உயிர்களெல்லாம் வாடும், மழை வந்தா மகிழும் என்கிறார். உள்ளே போகும் உணவு சுத்தமா இருந்தா மனசு சுத்தமாகும் என்றும் சொல்கிறார். இப்படிச் சொன்னவர் பேர் தாங்கிய ஆத்துலதான் நாம கழிவை விடுறோம்.

முருகன் அவதாரத்தையே பாருங்க. சிவனாரின் நெற்றிக்கண்ணில் வந்த ஆறு பொறிகளை வாயுவும் அக்கினியும் சுமந்தார்கள். கங்கை ஏந்திக்கொண்டு போய் நாணல் சூழ்ந்த சரவணப் பொய்கையில் சேர்த்தாள். அதனால்தான் அவன் காங்கேயன், சரவணபவன். நாம தினமும் ஜெபிக்கிற ஆறெழுத்தே அந்த நீர்நிலையின் பேரைச் சொல்லுது. வாயில சரவணபவ, கையில ஆத்துல வீசுற கவர். இது பொருந்துமா?

"ஊர்ச் சாக்கடைக்கு நான் ஒருத்தன் என்ன பண்றது?" நியாயமான கேள்விதான். குமாரசாமிப்பேட்டை தைப்பூசத் தேரை நினைச்சுப் பாருங்க. நம்ம அக்கா, அம்மாக்கள் மட்டுமே வடம் பிடிச்சு இழுக்கிற தேர். ஒருத்தர் இழுத்தா அது அசையாது. ஆனா ஒவ்வொருத்தரும் கை வைக்காம அது நிலைக்கும் வராது.

நாம கை வைக்க வேண்டிய இடங்கள் இவை:

1. பால்குடம், காவடி, அன்னதானம் எதுவானாலும் பால் பாக்கெட், கற்பூர கவர், பிளாஸ்டிக் டம்ளர் எதுவும் ஆத்தங்கரைக்குப் போகக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கு. வாழை இலையும் மஞ்சப்பையும் போதும்.

2. பழைய சாமி படம், குளிச்சு அவிழ்த்த துணி, வாடிய மாலையை ஆத்துல விடாதீங்க. மாலையைத் தென்னை மரத்தடியில் போட்டா உரமாகும்.

3. வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரிக்காம ஆத்துல விடுறதைத் தடுக்க வேண்டியது நிர்வாகம். அதைக் கேட்க வேண்டியது நாம. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். கிராமத்துல இருக்கறவங்களுக்கு வருஷம் ஆறு கிராம சபை உண்டு. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஆறுமுகனை நினைச்சு எழுந்து பேசுங்க.

இந்தத் தண்ணி நம்மளோட நிக்கறதில்லை. தென்பெண்ணையில கலந்து, சாத்தனூர் அணை தாண்டி, கடலூர் வரைக்கும் போகுது. வழியில இருக்கிற ஒவ்வொரு வயலும், மாடும், குழந்தையும் முருகனுடையதுதான். அவங்களுக்கு நாம அனுப்புறது தீர்த்தமா, கழிவா?

இந்த சஷ்டிக்கு விரதத்தோட இந்த ஒரு சங்கல்பத்தையும் எடுத்துக்குவோம். உங்க குரூப்ல பகிருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!